1.2 வோல்ட் குறித்த ஐயம்

ரிமோட், ரத்த அழுத்தமானி, ஓடும் பொம்மைகள் போன்றவற்றில் மறுமின்னேற்ற பேட்டரிகளைப் போடத் தயங்குவோர் வழக்கமாகச் சுட்டும் காரணம், ஆல்கலைன் பேட்டரியின் மேலுறையில் 1.5 வோல்ட் என்றும் நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரியில் 1.2 வோல்ட் என்றும் அச்சிடப்பட்டிருப்பதே ஆகும். இந்த ஐயம் பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தாது; ஏனெனில் ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் பயன்பாடு தொடங்கியது முதலே சரிந்து, ஏறத்தாழப் பாதி ஆயுளில் 1.2 வோல்ட்டை நெருங்கிவிட, மறுமின்னேற்ற வகையோ தன் சேமிப்பின் பெரும்பகுதி தீரும்வரை அந்த அளவிலேயே நிலைத்து நிற்கிறது.

பழைய வகைகளின் உண்மையான குறை தன்மின்னிறக்கம், அதாவது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மின்சேமிப்பு தானாகவே குறைந்துபோவது; 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனெலூப் என்ற பெயரில் கொணர்ந்த வகை, ஓராண்டு சும்மா கிடந்தாலும் பெரும்பகுதியைத் தக்கவைத்து அக்குறையைப் போக்கியது. சுவர்க் கடிகாரத்தில் மறுமின்னேற்ற பேட்டரியால் மிச்சமாகும் பணம் சொற்பமே (அது ஒரே பேட்டரியில் ஓராண்டுக்கு மேலும் ஓடும்). மின்சாரத்தை விரைந்து உறிஞ்சும் கேமரா ஃபிளாஷிலும் பொம்மைகளிலுமே போட்ட பணம் திரும்புகிறது.

பலரும் கவனிக்கத் தவறுவது, பழையதையும் புதியதையும் கலந்து போடுவதன் கேடு: தொடராக இணைந்த பேட்டரிகளில் வலுவற்றது முதலில் தீர்ந்துபோக, மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தி அதன் முனைகளைத் தலைகீழாக்கிப் பழுதாக்குகின்றன. எனவே, சேர்த்து வாங்கியவற்றைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கண்காணித்து நிறுத்தும் மின்னேற்றியையே வாங்குங்கள்.