பால் வாளி இல்லாமல் ஒரு மலையேற்றம்

சிங்கப்பூருக்கு மலையேறப் போகிறோம் என்றதும் எங்கள் தோட்டத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. "மலை வேணும்னா லேடாங் இருக்கு. அதை விட்டுட்டுப் பாலம் தாண்டி எதுக்கு சார் போகணும்?" என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். லேடாங் மலை 1,276 மீட்டர் உயரம். நாள் முழுவதும் ஏற வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் அறுபத்தாறு வயது ஆயாவும் ஒன்றாக ஏறக்கூடிய இடமல்ல. சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்றாகிய புக்கிட் தீமாவோ 163.63 மீட்டர்தான். புதிதாக மலையேறுகிறவர்களுக்கு அரிச்சுவடி மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய தகப்பன்மார் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இரவு எட்டு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் என்றால் அப்பாவை இருட்டில் வாங்கிக்கொண்டு இருட்டில் திருப்பித் தருகிற ஊர். அந்த ஊரைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பலநாள் ஆசை.

இரவு கூடாரத்தில் தங்குவதாகச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. பெண்பிள்ளைகளை வெளியே தங்க விடமாட்டோம் என்று தாய்மார்கள் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் ஓர் ஆயா. பேத்தி ஆறாம் வகுப்பு. ஆயா பன்னிரண்டு வயதில் தம் தாயாரோடு வெட்டுக்காட்டுக்குப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை பால் வெட்டியவர்.

"வாத்தியாரே, காண்டாவாளியத் தூக்கிக்கிட்டு மேட்டுக்காட்டுல எத்தனை வருஷம் ஏறி இறங்கியிருப்போம்? புள்ளைங்க அப்படி ஏறக்கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம். நீங்க காசு வாங்கிக்கிட்டு ஏறச் சொல்றீங்களே!"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யாரும் விடை சொல்லித் தரவில்லை. "நீங்களும் வாங்க ஆயா. வந்து பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்க" என்றேன். பேத்தியைத் தனியே விட மனமில்லாமல் பெயர் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றத் தாய்மார்களும் சேர்ந்தார்கள். மாணவர்கள் 17 பேர், பெரியவர்கள் 14 பேர். தாய்மார் இல்லாமல் தோட்டப் பள்ளி முகாம் நடத்துவது நடக்காத காரியம். நடந்தாலும் அவ்வளவு சிறப்பாக இராது என்பது என் கருத்து.

வாரம் மூன்று வெள்ளியாக ஓராண்டு சேர்த்தோம். பணத்தைவிடப் பெரிய தொல்லை கடப்பிதழ்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று அலைந்த கதையை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. இப்போது சிங்கப்பூருக்குள் போகுமுன் வருகை அட்டையையும் கைப்பேசியிலோ கணினியிலோ நிரப்பிவிட வேண்டும். முகாம் விதிமுறைகளைச் சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டறிவதும் அவசியம். சனிக்கிழமைதோறும் தோட்டத்து மேட்டுச் சடக்கில் எல்லோரும் நடந்து பழகினோம்.

குறித்த சனிக்கிழமை விடியுமுன்னே பாலம் கடந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறினோம். இந்தப் பேருந்து புக்கிட் தீமா அடிவாரத்தை ஒட்டியே போகிறது. வழியில் பழைய ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையும் வரும். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அங்கேதான். இப்போது அது காட்சிசாலை. தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோன காலம் அந்தக் கையெழுத்துக்குப் பின் வந்தது. எங்கள் பேருந்தில் அப்படிப் போய்த் திரும்பாதவர்களின் வாரிசுகள் மூன்று குடும்பத்தார் இருந்தார்கள். அந்த இடம் கடக்கும்வரை யாரும் பேசவில்லை.

அடிவாரத்தில் இறங்காமல் நேரே தேக்காவுக்குப் போனதற்குக் காரணம் வயிறு. பசியாறாமல் மலையேறக் கூடாது. பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளும் பூக்கடைகளும் அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வணிகமுமாக இருந்ததால் வந்த பெயர் அது. இட்லியும் தோசையும் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலம் கட்டிக்கொண்டோம். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் தாய்மார்கள் கும்பிட்டுக் கிளம்பினார்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பியூட்டி வேர்ல்ட். அங்கிருந்து அடிவாரம் நடக்கிற தூரம்தான்.

காட்டின் வாசல் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். முதல் ஏற்றமே செங்குத்தான தார்ச்சாலை. நான் வைத்த சட்டம் ஒன்றுதான்: யார் மெதுவாக நடப்பவரோ அவரே முன்னால் போக வேண்டும். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியில் ஓர் ஆசிரியர் வருவார். ஆகவே ஆயா முன்னால் நடந்தார். ஓடத் துடித்த பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மெதுவாகப் போனதால்தான் பலவற்றைப் பார்த்தார்கள். அண்ணாந்தால் உச்சி தெரியாத செராயா மரங்கள், இறக்கையை விரித்த மாதிரி வேர்கள், கொடிகள். குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பொட்டலங்களை நோட்டமிட்டன. காட்டு விலங்குக்கு உணவு போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் என்றதும் எங்கள் பிள்ளைகள் பையை இறுகக் கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் குன்றுக்கு உலகப் புகழ் ஒன்று உண்டு. 1854இல் ஆல்ஃப்ரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் இங்குள்ள பாதிரிமார் இல்லத்தில் தங்கி, ஏறக்குறைய இரண்டே மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். உயிர்கள் மாறி வளர்ந்த விதத்தைப் பற்றி டார்வினுக்குத் தோன்றிய அதே எண்ணம் தனக்கும் தனியாகத் தோன்றப் பெற்றவர். இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். இவ்வளவு வண்டுகள் கிடைத்ததற்குக் காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: சீன மரவெட்டிகள் ஆண்டுக்கணக்கில் வெட்டிப்போட்ட மரங்களும் இலைகளும் பட்டைகளும்தான் வண்டுகளுக்கு வீடாயின. அறிஞரின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. மரம் வெட்டிய கைகளின் பெயர் யாருக்குத் தெரியும்?

அந்நாளில் புலி பயம் வேறு. மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளரில் சராசரியாக நாளுக்கு ஒருவரைப் புலி கொண்டுபோவதாக வாலஸ் எழுதினார். புலி பிடிக்கத் தோண்டிய குழிகளில் மனிதர்கள் விழுந்துவிடும் ஆபத்தும் இருந்தது. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிறுவன் ஒருவன், "கடைசின்னு புலிக்குத் தெரியுமா சார்?" என்றான்.

உட்லண்ட்ஸில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்யும் தகப்பன் ஒருவரும் எங்களுடன் வந்தார். விரைவுச்சாலையின் மேலே புல்லும் மரமும் வளர்ந்த ஒரு பாலத்துக்கு அடியில்தான் அவர் அடிக்கடி போய்வருகிறார். கட்டி முடிக்காமல் விட்ட பாலம் என்று எண்ணியிருந்தாராம். அது விலங்குகளுக்கான பாலம். 1980களில் விரைவுச்சாலை போட்டபோது இந்தக் காடு இரண்டாகப் பிளந்தது. எறும்புதின்னியும் மற்றப் பிராணிகளும் சாலையில் அடிபடாமல் இப்புறமிருந்து அப்புறம் போவதற்காக 2013இல் 62 மீட்டர் நீளத்தில் அதைக் கட்டினார்கள். "நமக்குத்தான் பாலத்துல நெரிசல், அதுங்களுக்கு இல்லே" என்று சிரித்தார் அவர்.

உச்சியில் ஒரு கோபுரமும், உயரம் பொறித்த பாறையும் இருக்கின்றன. காட்சி பெரிதாக ஒன்றுமில்லை, மரங்கள் மறைக்கின்றன. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பிள்ளைகள் பாறையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால்வைத்த மலேசியர் இருவருமே தமிழர்கள், மா. மகேந்திரனும் நா. மோகனதாஸும் என்பதை அங்கேதான் சொன்னேன். சிங்கப்பூர் மலையேறிகள் இந்தச் சின்னக் குன்றிலும் அடுக்குமாடிப் படிக்கட்டுகளிலும் மூட்டை சுமந்து ஏறித்தான் பெரிய மலைகளுக்குப் பழகுகிறார்கள் என்பதையும் சொன்னேன். "163 மீட்டர் மாதிரி எத்தனை ஏறணும் சார்?" என்று ஒரு சிறுமி கேட்க, எவரெஸ்டின் 8,849 மீட்டரை மணலில் எழுதி வகுத்துப் பார்த்தார்கள். ஐம்பத்து நான்கு!

ஆயா பாறைக்குச் சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கையில ஒண்ணுமில்லாம ஏறினா மூச்சு வேற மாதிரி வருது வாத்தியாரே" என்றார். திட்டவில்லை.

பிற்பகலில் ரயிலும் பேருந்துமாகச் சாங்கி முனைக்குப் போய்ப் படகேறினோம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். சிறிது நேரத்தில் புலாவ் உபின். பழைய கம்பத்து வாசனை இன்னும் போகாத தீவு. இந்தத் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்தான் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தில் கிடக்கிறது. அன்று காலை நாங்கள் கடந்து வந்ததும் அந்தக் கல்லின் மேல்தான். கல்லுடைப்பு 1999இல் நின்றுபோனது. குழிகளெல்லாம் இப்போது நீர் நிறைந்த ஏரிகள்.

சாமான்களை வண்டியில் அனுப்பிவிட்டு மாமாம் முகாமுக்கு நடந்தோம். தீவில் 1967 முதல் இளைஞர்களுக்கான வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி ஒன்று நடக்கிறது. உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்கள் ஐந்து நாள் பயிற்சிக்கு அங்கே வருகிறார்கள். சிங்கப்பூர் அரசு இதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே நினைக்கிறது. நாமோ சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலையும் பேரங்காடியும் என்று நிறுத்திக்கொள்கிறோம்.

பெண்பிள்ளைகளின் கூடாரங்களை நடுவில் அடித்து, சுற்றிலும் தாய்மார்கள் படுத்தார்கள். தூங்கியவர்கள் சொற்பம். காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்து முகர்ந்து பார்த்துப் போனதை மறுநாள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில் சொன்னார்கள். நீரிணைக்கு அப்பால் ஜொகூரின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. "நம்ம ஊரா அது? இவ்வளவு அழகாவா இருக்கு?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

காலையில் காட்டுப்பாதையில் போகும்போது ஆயா திடீரென்று நின்றுவிட்டார். புதர் மண்டிய இடத்தில் வரிசை குலையாமல் சில பால்மரங்கள். உபினில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஆயா கொடியை விலக்கி, தடித்துப்போன பட்டையில் பழைய வெட்டுத் தடத்தைத் தடவினார். "நல்ல கை. ஆழமா வெட்டி மரத்தைக் காயப்படுத்தல" என்றார். வெட்டியவர் யாரோ, எந்த நாளோ.

எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறி இருபதாண்டுக்கு மேலாகிறது. தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்தும் அவர்களில் பலர் பால்மரத்தைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான். பேத்தி கேட்கக் கேட்க, ஒரு குச்சியை உளியாகப் பிடித்து, எந்தச் சரிவில் வெட்ட வேண்டும், மங்கை எங்கே வைக்க வேண்டும், மழை வந்தால் என்னாகும் என்று ஆயா ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். நான் மாணவனாக நின்றேன். என் பங்குக்கு ஒன்று சொன்னேன்: 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. 1888இல் தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீன்முள் போல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் விதையை நீட்டியதால் பைத்தியக்காரர் என்று பெயர் வாங்கினார். பிறகு ரப்பருக்குக் கிராக்கி வந்தது, ஆள் தேவைப்பட்டது, நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள்.

"அந்த வெள்ளைக்காரன் சீவல ஆயா, நீதான் சீவின" என்றாள் பேத்தி.

ஞாயிறு மாலை தேக்காவுக்குத் திரும்பினோம். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிகள் வார விடுமுறைக்குக் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். தேநீர்க் கடையில் பக்கத்தில் நின்ற இளைஞர் எங்கள் கூடார மூட்டைகளைப் பார்த்துவிட்டு எங்கே போய் வருகிறோம் என்று விசாரித்தார். மலையேறினோம் என்றதும், "இங்க மலை இருக்கா? அஞ்சு வருஷமா இருக்கேன், தெரியலீங்களே" என்றார். ஆயா அவரை உட்காரவைத்து, எந்த ரயில், எத்தனையாவது நிறுத்தம், வாசல் எப்போது திறக்கும், குரங்கிடம் பையை எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த பள்ளி விடுமுறைக்குக் குளுவாங்கிலுள்ள லம்பாக் மலை, 510 மீட்டர். கடப்பிதழ் வேண்டாம். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் 44 பேர். கடைக்காரரும் கொடுத்திருக்கிறார்.