கொட்டாஞ்சேனையின் பொன்னிறப் போத்தல்

டிசம்பரில் கொழும்புக்கு வருகிறவர்கள் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிடுவார்கள், புறக்கோட்டையில் பேரம் பேசுவார்கள், கோயில் குளம் பார்ப்பார்கள். இந்த முறை நான் ஒரு பானத்தின் தடம் பிடித்து வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை போனேன். சாராயத்தை அடியாக வைத்துக் கலக்கும் 'பஞ்ச்' அது. இன்று கொக்டெயில் என்ற பெயரில் உலகமெங்கும் ஊற்றப்படுகிறவற்றின் மூதாதை. எங்கள் கடல்களின் ஓரத்தில் பிறந்து, ஐரோப்பாவுக்குப் போய்ப் பெயர் பெற்று, உருமாறித் திரும்பி வந்து, கொழும்பு வீடுகளின் அடுப்படியில் தங்கிவிட்டது.

தங்கல் வெள்ளவத்தையில், சித்தப்பா வீட்டில். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும். வேலையால் வந்து முகம் கழுவியதும் சித்தப்பா தன் கலவையைச் செய்வார். தம்ளரில் ஐஸ், அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்குச் சாராயம், பாதித் தேசிக்காயின் சாறு, மிச்சத்துக்கு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர். பக்கத்தில் ஒரு கிண்ணம் கச்சான்.

"ஊரில பனஞ்சாராயம்தானே சித்தப்பா குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது வேற குணம், தம்பி. தென்னைக்கு இஞ்சியும் சேரும், புளியும் சேரும், இனிப்பும் சேரும். பனை அப்பிடியில்லை. அது தனிக்காட்டு ராசா."

நாங்கள் வடமராட்சிக்காரர். திக்கம் வடிசாலையின் பெயர் தெரியாத வீடு எங்கள் பக்கம் இல்லை. பனையின் புகைந்த காரம் எனக்குப் பழக்கம். ஆனாலும் சித்தப்பா சொன்னது சரி. தென்னஞ்சாராயம் இளகிய குணம் உள்ளது. அந்தக் குணம் மரத்திலேயே தொடங்குகிறது. கொழும்புக்குத் தெற்கே வாதுவை, களுத்துறைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஒரு மரத்து உச்சிக்கும் அடுத்ததற்கும் கயிறு கட்டியிருப்பார்கள். சீவல் தொழிலாளர் தரையில் இறங்காமல் அந்தக் கயிற்றில் நடந்தே மரம் மரமாகப் போவார்கள். பாளையைத் தட்டிப் பதப்படுத்திச் சீவி முட்டி கட்டுவார்கள். முட்டிக்குள் துளி விழுந்த கணத்திலிருந்தே நொதிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் 4 முதல் 6 வீதம் வரை மதுசாரம் ஏறிவிடும். வைத்திருந்தால் வினாகிரியாகப் போகும் என்பதால் கள்ளைச் சுணக்கமில்லாமல் வடிசாலைக்குக் கொண்டுபோவார்கள். வடித்ததை ஹல்மில்ல மரத்தொட்டிகளில் ஊறவைத்துப் பின் தண்ணீர் சேர்த்து இறக்குவார்கள். போத்தலில் வரும்போது பெரும்பாலும் 33இலிருந்து 40 வீதத்துக்குள் நிற்கும்.

கடையில் வாங்கும்போது சிட்டையை ஊன்றிப் பார்க்க வேண்டும். விலை குறைந்த போத்தல்கள் பலவற்றில் தென்னஞ்சாராயத்தோடு கரும்புச் சீனிக் கழிவிலிருந்து வடித்த மதுசாரமும் சேர்ந்திருக்கும். முழுக்கத் தென்னையில் வடித்தது என்று எழுதியிருக்கும் போத்தலுக்குத்தான் அந்தப் பூ மணம் இருக்கும். மேலே எதைக் கலந்தாலும் அடிச் சாராயம் சரியில்லையென்றால் பானம் சரிவராது. செவ்விளநீரோடு கலப்பவர்கள் இருக்கிறார்கள், சோடாவும் தேசிக்காயும் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், ஹோட்டல்களில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து நுரைக்க அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் முதலில் வேண்டியது நல்ல தென்னஞ்சாராயம்.

அடுத்த நாள் காலை கரையோர ரயிலில் கோட்டைக்குப் போனேன். வெள்ளவத்தை தாண்டியதிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வருகிறது. பிறகு பாதை உள்ளே திரும்பிக் கொம்பனித்தெருவுக்குப் போகிறது. சித்தப்பாவின் ஜிஞ்சர் பியரைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பழைய ஆலை இந்தப் பக்கம்தான் இருந்தது. அதன் வேர் 1866இல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பனி. இன்று வெள்ளவத்தை வீட்டுத் தம்ளரில் கிடக்கும் ஐஸ்கட்டி ஒருகாலத்தில் இந்த நகரத்துக்குப் பெரும் புதுமையாக இருந்த பொருள்.

கோட்டையில் இறங்கித் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலுக்கு நடந்தேன். 1875இல் திறந்தது. சாகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் 1890இல் அன்ரன் செகோவ் தங்கிய இடம். மேல்மாடியில் நின்றால் கப்பல்கள் கீழே தெரியும். பஞ்சின் வரலாற்றை யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கொழும்பில் இல்லை. ஏனென்றால் அந்தப் பானத்தைப் பெற்றது துறைமுகம்தான்.

17ஆம் நூற்றாண்டில் கீழைக்கடலுக்கு வந்த ஆங்கிலேயரின் பியர் வெக்கையில் புளித்துப்போனது, வைன் கெட்டுப்போனது. இறங்கிய துறையெல்லாம் சாராயம் இருந்தது. கோவாவில் தென்னங்கள்ளில் வடித்தது, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில் கரும்புப் பாகும் அரிசியும் சேர்த்து வடித்தது, இலங்கையில் தென்னம்பாளையின் சாராயம். தனியாகக் குடிக்கத் தொண்டை எரிந்தது. தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைத் திரவியம் நான்கையும் சேர்த்தார்கள். எரிச்சலைச் சீனி அடக்கியது, சீனியைப் புளி அடக்கியது, காட்டத்தைத் தண்ணீர் தணித்தது, மேலே சாதிக்காய் மணத்தது. இந்தியாவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் ஒருவர் 1632இல் எழுதிய கடிதத்தில் பஞ்ச் என்ற பெயர் வந்துவிட்டது. கொழும்பு 1656இல் ஒல்லாந்தர் கைக்கும் 1796இல் பிரித்தானியர் கைக்கும் போனது. அவர்களுடைய மேசைகளிலும் சாராயம் இருந்தது, கப்பல்களிலும் இருந்தது.

பிறகு அது ஐரோப்பாவுக்குப் போனது. சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பனி 1731இல் தொடங்கியது. அதன் கப்பல்கள் கொண்டுபோன பத்தாவியாச் சாராயத்தில் சுவீடன்காரர் இனிப்பான 'புன்ஷ்' செய்தார்கள். இன்றும் வியாழக்கிழமைப் பட்டாணி சூப்போடு அதைச் சூடாக்கிக் குடிக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. லண்டனில் வாக்ஸோல் பூங்காவின் சாராயப் பஞ்ச் பேர்போனது. தாக்கரேயின் 'வனிட்டி ஃபெயர்' நாவலில் ஒரு கலியாணப் பேச்சே கெட்டுப்போவதற்கு அந்தப் பஞ்ச்தான் காரணம். கீழைநாட்டுச் சாராயம் கைக்கெட்டாத வீடுகளுக்காக, வில்லியம் கிச்சினர் 1817இல் வெளியிட்ட சமையல் நூலில் போலிச் சாராயத்துக்கே ஒரு குறிப்பு உண்டு. ரம்மில் சாம்பிராணி உப்பைக் கரைக்கச் சொல்கிறார். நாங்கள் சாமியறையில் புகைக்கும் சாம்பிராணியைக் கரைத்தாவது எங்கள் சாராயத்தின் மணத்தைப் பிடிக்க லண்டன்காரர் முயன்றிருக்கிறார்கள். அப்படி விரும்பப்பட்ட சாராயம் மெல்ல மெல்ல ரம்முக்கும் பிரண்டிக்கும் இடம்விட்டது. பஞ்ச் என்றால் இப்போது யாருக்கும் கரிபியன்தான் நினைவுக்கு வரும். இது எனக்கு வருத்தம் தருகிற மறதி.

கோட்டையிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்தேன். செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டினால் கொச்சிக்கடை. புனித அந்தோனியார் திருத்தலத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு நிற்கிறார்கள். சற்றுத் தள்ளிப் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில். அங்கிருந்து ஜம்பட்டா வீதி வழியாகக் கொட்டாஞ்சேனை. புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் கூரைகளுக்கு மேலே தெரிந்தது. வாசல்களில் நத்தார் வெள்ளிகள் தொங்கின. கேக் வேகும் வாசனை தெருவுக்கே வந்தது.

நான் தேடிவந்த வீட்டு அன்ரி, சித்தியோடு ஒன்றாகப் படிப்பித்தவர். ஒவ்வொரு நத்தாருக்கும் மில்க் வைன் போடுகிறவர். பறங்கியர் வீட்டு நத்தாரோடு சேர்த்துப் பேசப்படும் பானம் இது. கொட்டாஞ்சேனையின் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளிலும் அதற்கு இடமுண்டு. பெயரில் வைன் இருந்தாலும் இதில் திராட்சை மது ஒரு சொட்டும் இல்லை. சாராயமும் பாலும்தான்.

அடுப்படி மேசையில் பெரிய கண்ணாடிச் சாடி இருந்தது. ஒரு முழுப்போத்தல் சாராயத்தில் முந்திரிகை வற்றல், கறுவா, கராம்பு, தோடம்பழத் தோல், சீவிய சாதிக்காய் எல்லாம் ஊறி மண்ணிறமாகியிருந்தன. அன்ரி சீனியில் ஒரு பங்கைச் சட்டியில் கருக்கி நிறத்துக்குச் சேர்த்தார், மிச்சத்தை அப்படியே கரைத்தார். தேசிக்காய்ச் சாற்றை விட்டார். பிறகு ஒரு போத்தல் பாலைக் காய்ச்சி அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, சாராயக் கலவையை மெல்லிய தாரையாக அதற்குள் விட்டார். கண்முன்னாலேயே பால் திரைந்தது. வெள்ளைத் திரளைகள் மேலே வந்தன. கீழே கலங்கிய மஞ்சள் தண்ணீர். பார்க்கிறவருக்கு எல்லாம் பாழாய்ப் போனதுபோலத்தான் தெரியும்.

"கிண்டப்படாது தம்பி. தன்ரபாட்டில அடையவிடவேணும்" என்றார்.

அடைந்ததும் புனலில் மெல்லிய பருத்தித் துணி விரித்து வார்த்தார். முதலில் இறங்கியது கலங்கல். அதை எடுத்துத் துணிக்குள் இருந்த திரளைக்கு மேலேயே மறுபடி ஊற்றினார். இரண்டாம் தரம் வார்த்தபோது தெளிவு வரத் தொடங்கியது. சொட்டுச் சொட்டாக விழுந்ததை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பொன்னிறம், பின்னால் இருந்த சுவர்க் கலண்டரின் எழுத்தை வாசிக்கும் அளவுக்குத் தெளிவு. சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் கொடுத்தார். சாராயத்தின் முள் போயிருந்தது. கறுவாவும் தோடையும் முன்னால் வந்தன, பாலின் வழுவழுப்பு நாக்கில் நின்றது.

பாலில் உள்ள கேசின் என்ற புரதம், புளிப்பு ஏறி பிஎச் 4.6 அளவுக்கு வரும்போது திரண்டு பிரிகிறது. சாராயத்தில் மரத்தொட்டியிலிருந்தும் பழத்தோலிலிருந்தும் இறங்கிய துவர்ப்பையும் கலங்கலையும் அது தன்னோடு பற்றிக்கொள்கிறது. அந்தத் திரளையே வடியாகவும் வேலை செய்கிறது. கேசின் போய்விட்டதாலும் சீனியும் மதுசாரமும் காப்பதாலும் போத்தல் மாதக்கணக்கில் கெடாது. ஆய்வுகூடத்தில் விளங்கப்படுத்த வேண்டிய விசயத்தை அன்ரி கண்ணாலும் கையாலும் அறிந்து வைத்திருக்கிறார்.

மேல்நாட்டில் இதைத் தெளிவித்த பால் பஞ்ச் என்பார்கள். கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 1711இல் மேரி ரொக்கெட் என்ற ஆங்கிலப் பெண் எழுதியது. பெஞ்சமின் பிராங்ளின் 1763இல் நண்பர் ஒருவருக்குத் தன் செய்முறையைக் கடிதத்தில் அனுப்பினார். அதிலும் பிரண்டி, எலுமிச்சை, சீனி, சூடான பாலோடு சாதிக்காய் இருக்கிறது. 1838இல் விக்டோரியா மகாராணி தன் அரண்மனைக்குப் பால் பஞ்ச் வழங்க ஒரு லண்டன் நிறுவனத்துக்கு அரச அனுமதி கொடுத்தார். பிற்பாடு அங்கே வழக்கொழிந்து, அண்மைக் காலத்தில் பெரிய நகரங்களின் பார்களில் அருமையான கண்டுபிடிப்புப்போலத் திரும்பி வந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை வரவில்லை. அன்ரிக்கு அவருடைய மாமி சொல்லிக் கொடுத்தது. மாமிக்கு அவருடைய தாய்.

சாராயத்தின் இன்னொரு கணக்கையும் சொல்லாமல் இதைப் புகழ்வது நேர்மையாகாது. பிரித்தானியர் காலத்தில் ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டார்கள். குத்தகை எடுத்தவர்கள் அந்தப் பணத்தில் கோப்பித் தோட்டமும் காரீயச் சுரங்கமும் கொழும்பு நிலமும் வாங்கினார்கள். அந்தச் செல்வத்தின் கதையைக் குமாரி ஜயவர்தன தனி நூலாகவே எழுதியிருக்கிறார். தவறணைப் பக்கம் கூலியைத் தொலைத்த குடும்பங்களின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்ததற்குக் காரணம் இருந்தது. 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தையொட்டி அந்த இயக்கத்தின் தலைவர்களைச் சிறையில் போட்டபோது, யுத்தக் கடலைத் தாண்டி லண்டன் போய் நியாயம் கேட்டவர், நான் சற்றுமுன் கடந்துவந்த கோயிலை எடுப்பித்த அதே இராமநாதன்.

குடியால் அடிபட்டவர்கள் பெண்கள். குடிவகையில் ஒரு கலையைக் காப்பாற்றியவர்களும் பெண்கள். 2018 ஜனவரியில் பெண்களுக்கு மது விற்பதற்கு இருந்த தடையை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் செய்தார். வாங்கும் உரிமைக்கே வழக்காட வேண்டியிருந்த பெண்களில் ஒருவரான அன்ரிதான் சாராயத்தை இந்த அளவுக்குப் பண்படுத்தத் தெரிந்தவராக இருக்கிறார். ஆண்டு முழுக்க ஒரே ஒரு போத்தல். கேக்கோடு, வந்தவருக்குச் சின்னக் கிண்ணத்தில் ஒன்று. 2019 உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த ஆண்டின் நத்தாருக்கு அன்ரி மில்க் வைன் போடவில்லை. அயலில் இழவு நடந்த வருசம் என்றார். தவறணையின் போத்தலுக்கும் இந்தப் போத்தலுக்கும் உள்ள தூரம் எனக்கு அந்தப் பேச்சில்தான் முழுதாகத் தெரிந்தது.

அன்ரியின் அளவுகள் எதுவும் எழுத்தில் இல்லை. "மணத்தில தெரியும்" என்கிறார். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும். பக்கத்து வீட்டில் பால் கூடப் போடுவார்களாம், மூன்றாம் வீட்டில் தோடைக்குப் பதில் வனிலா, இன்னொரு வீட்டில் கருக்கிய சீனியே இல்லையாம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் வந்த வழியைச் சொல்கிறது. மேரி ரொக்கெட் எழுதி வைத்ததால் மூன்று நூற்றாண்டு கழித்தும் அவரைப் பெயர் சொல்லிப் பேசுகிறோம். கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கும் அந்த இடம் உரியது. ஆகவே, உங்கள் வீட்டில் மாமியோ அம்மம்மாவோ மில்க் வைன் போடுகிறவரென்றால், இந்த மார்கழியில் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். எத்தனை தேசிக்காய், எவ்வளவு சீனி, பாலை எப்போது காய்ச்சுவது, எத்தனை தரம் வார்ப்பது எல்லாவற்றையும் கேட்டு, மேலே அவருடைய பெயரைப் போட்டு எழுதி வையுங்கள்.