மாஞ்சோலை: கொழுந்து இருக்கு, பறிக்கத்தான் ஆளில்லை!

சங்கரன்கோவிலில் அதிகாலையில் காரைக் கிளப்பினால் சுரண்டை, பாவூர்சத்திரம், கடையம் வழியாக அம்பாசமுத்திரம் போய்விடலாம். கரிசல் காடு மறைந்து, தாமிரபரணி பாயும் பச்சை வயல்கள் வந்துவிடும். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டினால் மணிமுத்தாறு அணை. அதற்கு மேல்தான் மாஞ்சோலை மலைப்பாதை.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஏறும் பாதை இது. மணிமுத்தாறு அருவியைக் கடந்ததும் வளைவுகள், மேகம், குளிர்! மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என வரிசையாக எஸ்டேட் ஊர்கள். இதில் நாலுமுக்கும் ஊத்தும் தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் அடங்கும்.

செல்ஃபிக்கு ஏற்ற இடம்தான். ஆனால், இந்தப் பச்சைக்குப் பின்னால் காலியாகிவரும் ஓர் ஊர் இருக்கிறது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு விட்டது. எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். சமவெளியிலிருந்து மலையேறி வந்த தொழிலாளர்கள்தான் காட்டைத் திருத்தித் தேயிலைத் தோட்டமாக்கினார்கள். லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

கூலி உயர்வு கேட்ட போராட்டத்துக்குப் பெரிய விலையும் கொடுத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி நடத்த, ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள்.

குத்தகை முடிவது 2028-ல். ஆனால் 2024 ஜூனிலேயே விருப்ப ஓய்வு கொடுத்து நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டது. 'தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் எடுத்து நடத்த வேண்டும்' என்று கேட்ட மனுக்களை, அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு கீழே இறங்கின.

தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலிலும் இதே கதைதான். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள்; பிழைப்பு போனது. ஆனால் வீடும் தெருவும் மிஞ்சின. மாஞ்சோலையில் அதற்கும் உறுதியில்லை. நிலம் காட்டுக்குத் திரும்புகிறது.

காடு திரும்புவது நல்லதுதான். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யாமல் விட்டால் மரமாக உயர்ந்துவிடும். ஆனால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் 'சொந்த ஊர் எது?' என்ற கேள்விக்கு இனி எதைக் கைகாட்டுவார்கள்?

மேலே போக வனத்துறை அனுமதி கட்டாயம். மழை நேரத்தில் பாதையை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பூட்டிய லயன் வீட்டு வாசலில் போட்டோ எடுக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது யாரோ ஒருவர் பிறந்த வீடு.