பதினஞ்சரை மணி நேரம்!

மக்களே, நீங்க இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட்டா? அப்ப உங்க வீட்லயும் இது நடந்திருக்கும். மிக்ஸி ஓடலையா, டி.வி. தெரியலையா... 'அதான் இன்ஜினீயரிங் படிக்குதே, கேளு'ன்னு நம்மளைக் கை காட்டிடுவாங்க. அப்படி வந்த ஒரு கேள்விக்கு நான் தப்பா பதில் சொன்ன கதை இது.

எங்க ஊர் பாலக்கோடு. அண்ணனுக்கு சான்ஃபிரான்சிஸ்கோவில் வேலை. அவனைத் தூக்கி வளர்த்தது எங்க ஆயாதான். ஒரு சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி ஆயா தவறிட்டாங்க. நம்ம நேரத்துக்கு 5 மணிக்கெல்லாம் அண்ணன் அங்கே வீட்டை விட்டுக் கிளம்பிட்டான்.

"எப்ப வந்து சேருவான்? கணக்குப் போட்டுச் சொல்லு சாமி!" - பெரியப்பா கேட்டார்.

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். 2021 ஜனவரியில், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் பைலட்டுகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவம் வழியா நேரா பெங்களூரு வந்துச்சு. நேர்க்கோட்டு தூரம் 13,993 கி.மீ. மேப்ல பார்த்தா துருவம் சுத்து வழி மாதிரி தெரியும். ஆனா, உருண்டையான குளோப்ல நூலைப் பிடிச்சுப் பாருங்க... அதான் குறுக்கு வழி!

மணிக்கு 900 கி.மீ. வேகம்னு வச்சேன். வகுத்தேன். பதினஞ்சரை மணி நேரம். ஊருக்கு வர 4 மணி. "ராத்திரி 1 மணிக்குள்ள வந்துடுவான் பெரியப்பா!" ஞாயிறு காலை 10 மணிக்கு அடக்கம்னு ஊர் பூராவும் சொல்லியாச்சு.

நிஜக் கணக்கு என்ன தெரியுமா? அந்த நேரடி விமானத்துக்கே 17 மணி நேரம். அண்ணனுக்கோ அன்னிக்கு நேரடி விமானமே இல்லை. துபாய் வழியாத்தான் கிடைச்சது. வீட்ல இருந்து ஏர்போர்ட், அங்கே செக்-இன், செக்யூரிட்டின்னு 4 மணி. துபாய் வரை 16. அங்கே காத்திருந்தது 4. பெங்களூருக்கு 4. இமிக்ரேஷன், பெட்டி எடுக்க 1. தேவனஹள்ளியில இருந்து ஓசூர், ராயக்கோட்டை வழியா பாலக்கோடு வர 4. ஆக மொத்தம் 33 மணி நேரம்!

ராத்திரி 1 மணிக்கு போன் வந்துச்சு. "இப்பத்தான் துபாய்ல இறங்கினேன்." சொன்ன நேரத்தை மாத்த முடியாதுன்னுட்டாங்க பெரியவங்க. நான் முதல்லயே 33ன்னு சொல்லியிருந்தா, சாயங்காலம் அடக்கம்னு வச்சிருப்பாங்க.

அண்ணன் வந்தப்ப மதியம் 2 மணி. பையைக்கூட இறக்கலை, நேரா சுடுகாட்டுக்குத்தான் போனான். திரும்பி வந்து என்னைத் திட்டவே இல்லை. "ஆயா முகம் எப்படிடா இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டான்.

தூரத்தை வேகத்தால வகுத்தா பரீட்சையில மார்க் வரும், ஃப்ரெண்ட்ஸ். வீட்ல யாராவது 'எப்ப வருவான்?'னு கேட்டா, ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் கணக்கு போடாதீங்க. வாசல்ல இருந்து வாசலுக்குப் போடுங்க!