கைவிட்டேன்

2016-இல் ஒரு சனிக்கிழமை. மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து மாட்டுத்தாவணியில் எனக்காக ஒருத்தி காத்திருந்தாள். எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து கல்யாணம் வரைக்கும் பேசியவர்கள் நாங்கள். வீட்டில் அம்மா அழுதார். எனக்குத் தைரியம் போயிற்று. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் கடைசியாக வாட்ஸப்பில் அனுப்பியது இது: "வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." படித்தேன். நீல டிக் விழுந்தது. அன்றிரவே அவள் எண்ணை பிளாக் செய்தேன்.

மறு வருடம் 'கோஸ்ட்' என்ற ஆங்கில வினைச்சொல் காதில் விழுந்தது. பழகியவரிடம் ஒன்றும் சொல்லாமல் தொடர்பை அறுத்துக்கொண்டு மறைவது. 2017-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தப் பொருளைச் சேர்த்திருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அகராதியிலேயே பேர் இருக்கிறதென்றால் ஊரெல்லாம் செய்வதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சொல்லைத் தேடிப் போனபோதுதான் அந்த ஆறுதல் போயிற்று. பழைய ஆங்கிலத்தில் அது 'காஸ்ட்'. உயிர், ஆவி என்று பொருள். ஷேக்ஸ்பியர் 'அந்தோணியும் கிளியோபாத்ராவும்' நாடகத்திலேயே அதை வினையாக ஆண்டிருக்கிறார். கொலையுண்ட சீசரின் ஆவி புரூட்டஸ் முன் வந்து நின்றதைச் சொல்லும் இடம் அது. அன்றைக்கு அந்த வினைக்கு வந்து நிற்பது என்று பொருள். இன்றைக்குக் காணாமல் போவது. மாட்டுத்தாவணி வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பழைய பொருள்தான் சரியாகப் படுகிறது.

எங்கள் தெருப் பிள்ளைகள் டூ விட்டால்கூட முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் விடும். அப்புறம் பழம் விட வழியும் இருக்கும். அவளுக்கு நான் அந்த வழியையும் வைக்கவில்லை.

சிலப்பதிகாரத்துக் கோவலனையும் நினைத்துக்கொள்கிறேன். புகாரில் மாதவி தாழை மடலில் எழுதி அனுப்பியதை அவன் கையில் வாங்கவே மறுத்தான். ஆனால் மதுரைக்கு வரும் வழியில், கோசிகன் கொண்டுவந்து கொடுத்த இரண்டாவது ஓலையைப் பிரித்துப் படித்தான். அவள்மேல் குற்றமில்லை, தவறு தன்னுடையது என்று உணர்ந்தான். நானோ கேட்டதைப் படித்துப் புரிந்துகொண்டு, அதன் பிறகு கதவைச் சாத்தியவன்.

நான் செய்ததற்குத் தமிழில் கைவிடுதல் என்று பேர். 'கோஸ்ட்' என்று சொன்னால் நான் ஏதோ காற்றில் கரைந்து போனவன்போல் ஆகிவிடுகிறது. நான் எங்கும் கரைந்து போகவில்லை. இதே ஊரில், இதே வண்டியில் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவள் கேட்ட ஒரு வார்த்தையை இன்றுவரை சொல்லவில்லை.