ரொட்டி தட்டப் பழகுதல்

65 வயதில் ரொட்டி தட்டப் பழகியிருக்கிறேன். இதைச் சொல்வதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. மனைவிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரங்களுக்குக் கையை அசைக்கவே கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. பிள்ளைகள் இருவரும் கொழும்பில். கடைச் சாப்பாடு இரண்டு நாளைக்கு ருசிக்கும். மூன்றாம் நாள் வயிறு மறுத்துவிடும். ஆகவே அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன்.

கொத்மலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது 1985இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம். அல்லது கடைகளில் விற்கும் பால். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது விடியற்காலையில் ரொட்டி மணக்கும் ஊர்.

அரைக் கிலோ கோதுமை மா, பாதித் தேங்காயின் துருவல், உப்பு, தண்ணீர். நான்கே பொருட்கள். முதல் மூன்றுக்கும் அளவு உண்டு. தண்ணீருக்கு இல்லை. மனைவியிடம் கேட்டேன்.

"மா கேக்குற அளவுக்கு ஊத்துங்க."

"மா எப்படிக் கேட்கும்?"

"கையில ஒட்டாம வந்துச்சுன்னா போதும்னு அர்த்தம்."

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் பணியாற்றிய எனக்கு, ஆதாரமில்லாத இத்தகைய தகவலை ஏற்றுக்கொள்வது சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் நான்காம் நாள் மா உண்மையிலேயே கேட்டது. போதும் என்றும் சொல்லிற்று. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் வைத்தால், தட்டும்போது ஓரம் வெடிப்பதில்லை. கல் நன்றாகச் சூடேறிய பின் நெருப்பைத் தணிக்க வேண்டும். இல்லையேல் வெளியே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும்.

இந்த ரொட்டி எங்களுடைய பழைய உணவு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சோறு உண்ணும் மக்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிப் பங்கீடு சுருங்கிய இடத்தைக் கோதுமை மா பிடித்துக்கொண்டது. போர் முடிந்தும் போகவில்லை. காலையில் சுட்டதை மதியம் மலையில் வைத்து ஆறிய நிலையிலும் உண்ணலாம் என்ற வசதியும் அதற்கு ஒரு காரணம். 1973, 74ஆம் ஆண்டுகளில் அந்த மாவும் கிடைக்காமற் போனபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அப்போது எனக்கு 13 வயது. அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிசைந்து, அதில் ஒரு பிடி மாவைச் சேர்த்துத் தட்டிய ரொட்டியின் பிசுபிசுப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2022 நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறியபோதும் முதலில் அடிபட்டது லயத்து ரொட்டிதான். தேங்காயோ மலையில் காய்ப்பதில்லை. கீழ்நாட்டிலிருந்து வர வேண்டும். 2024 இறுதியில் ஒரு காய் 200 ரூபாயைத் தொட்டதும், பாதித் தேங்காய் பல வீடுகளில் கால் தேங்காயாகியது.

தொழிற்பழக்கம் விடாது அல்லவா? ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். மா பிசைந்து, சம்பல் அரைத்து, எட்டு ரொட்டி சுட்டு, பாத்திரம் கழுவி முடிக்க 1 மணி 50 நிமிடங்கள். இரண்டு பேருக்கு, எரிவாயு அடுப்பில்.

அம்மா ஏழு பேருக்குச் சுட்டார். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வந்த மிலாறுதான் விறகு. மழைக்காலத்தில் அது எரிவதைவிடப் புகைவதே அதிகம். நான்கு மணிக்கு எழுந்தால்தான் பெரட்டுக்குப் போகுமுன் எல்லாம் முடியும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு மீண்டும் அதே அடுப்பு. அப்பா கவ்வாத்து, மருந்தடிப்பு என்று தன் கணக்கை மதியத்துக்குப் பிறகு முடித்துவிடுவார். இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மாவின் தேத்தண்ணீருக்காகக் காத்திருப்பார். அவர் கெட்டவரல்லர். லயத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984 வேலைநிறுத்தத்துக்குப் பின்னர்தான் வந்தது. அதன் பிறகு எத்தனையோ சம்பளப் பேச்சுவார்த்தைகள், கூட்டு ஒப்பந்தங்கள். ஒரு கிலோ கொழுந்துக்கு எத்தனை ரூபாய் என்று இரவிரவாக வாதிட்டார்கள். அம்மாவின் நான்கு மணி எந்த மேசைக்கும் வரவில்லை.

பருப்பை எனக்குக் கற்றுத்தந்தவர் மனைவியல்லர். பக்கத்து வீட்டுத் தம்பி. அவருடைய மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. நான்கு வருடங்களாக இரண்டு பிள்ளைகளுக்கும் அவரே ஆக்கிப் போடுகிறார். ஆரம்பத்தில் லயத்து ஆண்கள் கேலி செய்தார்களாம். இப்போது வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் மனைவியரை அனுப்பிய வேறு சிலரும் அவரிடம் வந்து சந்தேகம் கேட்டுப் போகிறார்கள்.

"உப்பை மொதல்ல போட்ராதீங்க மாமா. பருப்பு மசிஞ்சதும் போடுங்க. நம்ம மலையில வேக கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில். கொழும்புச் சமையல் புத்தகத்தின் நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. வெந்த பின் கட்டித் தேங்காய்ப் பால், கடைசியாக வெங்காயமும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்ட வேண்டும்.

அவருடைய மகனுக்கு 11 வயது. பாடசாலை விட்டு வந்ததும் தேங்காய் துருவுவது அவன் வேலை. தங்கைக்கு அந்த வேலை இல்லையா என்று கேட்டேன்.

"அவ சின்னப்புள்ள மாமா, துருவியில கைய வெட்டிக்குவா. கொஞ்சம் வளரட்டும். அப்புறம் அவனுக்கு ஒரு நாள், அவளுக்கு ஒரு நாள்" என்றார்.