நியூட்ரலில் இறங்கிய கணக்கு

போன தை மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். நானும் மனைவியும் காரில் கிளம்பினோம். நான்கு வழிச்சாலையில் எண்பதில் சீராகப் போய்க்கொண்டிருந்த வண்டி, கொடைரோடு சுங்கச்சாவடி வந்ததும் பிரேக்கை மிதித்தேனோ இல்லையோ, கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. ஸ்டியரிங் இரண்டு கைகளையும் உதறியது. காலுக்கடியில் பெடல் துடித்தது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் நிதானமாகி, நிற்கும்போது அடங்கிவிட்டது.

"என்னங்க, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா?" என்றாள் மனைவி.

கல்யாணம் முடிந்து மெதுவாக ஊர் திரும்பினோம். மறுநாள் பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங் இரண்டும் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து முதல் வேகத்தடையில் மிதித்தேன். அதே ஆட்டம்.

பிறகுதான் பேகம்பூரில் பல வருடமாகத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"சும்மா ஓடுறப்ப ஆடுதா சார், மிதிச்சா மட்டும் ஆடுதா?"

"மிதிச்சா மட்டும்தான் பாய்."

"அப்ப பேலன்ஸிங் இல்ல. அதுன்னா மிதிக்காமலே ஆடும். ஸ்டியரிங் உதறுதா, சீட்டு உதறுதா?"

"ஸ்டியரிங்."

"முன் சக்கரம் சார். சீட்டு மட்டும் ஆடினா பின்னாடி டிரம்மைப் பார்க்கணும்."

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊருக்கு வெளியே காலி ரோட்டில் அவரே ஓட்டினார். ஓரிடத்தில் ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே லேசாக இழுத்துப் பார்த்தார். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஆட்டம் வரவில்லை. பின்பக்கம் நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. (அவர் கைப்பழக்கம் உள்ளவர். நாம் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தின் பிடிமானங்களில் எதுவும் லூஸ் இல்லை. டிஸ்க்கில் மட்டும் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. மைக்ரோமீட்டரை எடுத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தார். இடத்துக்கு இடம் வித்தியாசம். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராத வித்தியாசம்தான். ஆனால் எண்பதில் போகும்போது சக்கரம் வினாடிக்குப் பன்னிரண்டு தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேடான இடம் பேடைத் தள்ளும், பள்ளமான இடம் விடும். அதுதான் நம் கையிலும் காலிலும் உதறலாகத் தெரிகிறது. டிஸ்க் கோணிப்போச்சு என்று எல்லோரும் சொல்கிறோமே, பெரும்பாலும் அது இந்தத் தடிமன் வித்தியாசம்தானாம்.

அளந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "சிறுமலைக்கு அடிக்கடி போவீங்களா சார்?"

திருடன் பிடிபட்ட மாதிரி விழித்தேன்.

போவேன். மலை வாழைப்பழம் வாங்க, காற்று வாங்க, லீவுக்குப் பேரன் வந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இரண்டாவது கியர். இறங்கும்போது நியூட்ரல்! ஐந்து வருடமாக இதுதான் என் வழக்கம். பெட்ரோல் மிச்சம் என்ற கணக்கு.

பாய் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கியரில் இறங்கினால் வண்டியின் பாரத்தைப் பாதி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் மலை இறங்குகிற வேகத்தில் பெரும்பகுதியை அந்த இரண்டு டிஸ்க்கும்தான் சூடாக மாற்றித் தாங்க வேண்டும். அப்படிக் கொதிக்கக் கொதிக்க அடிவாரத்தில் வந்து, டீக்கடை வாசலில் பிரேக்கை அழுத்தியபடியே நான் நிறுத்துவேன். பேடின் மருந்து அந்த இடத்திலேயே டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். மேடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் கணக்கும் தப்பு. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும்.

கடைசியாகப் பிரேக் ஆயிலைக் காட்டினார். கடுங்காப்பி நிறம். மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதித்துவிடும். "மலையில இது கொதிச்சிருந்தா, மிதிச்ச கால் அப்படியே தரை வரைக்கும் போயிருக்கும் சார். பிரேக் பிடிச்சிருக்காது."

எனக்கு அப்போதுதான் போன சித்திரை ஞாபகம் வந்தது. சிறுமலையிலிருந்து இறங்கும்போது, "ஏங்க, ஏதோ கருகுற வாடை வருதே" என்றாள் மனைவி. "எங்கேயோ சருகு எரிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். பின் சீட்டில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைந்து சரி செய்ய டிஸ்க்கில் தடிமன் மிச்சமில்லை. எவ்வளவு தேயலாம் என்று டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட், புது ஆயில். மாட்டுவதற்கு முன் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்தார். அதில் துரு இருந்தால் புது டிஸ்க்கும் சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நாளில் மறுபடி ஆடுமாம். நட்டுகளையும் வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்கினார். கூலியோடு 7000 ரூபாய்ச் சொச்சம். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பெட்ரோல் எத்தனை லிட்டரோ, வீட்டில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

போன வாரம் மறுபடி சிறுமலைக்குப் போனோம். ஏறிய கியரிலேயே இறங்கினேன். இன்ஜின் உறுமியது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஒதுங்கி வழிவிட்டேன். நடுவில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் காற்று வாங்கினோம்.

"வாடை ஏதும் வருதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வாழைப்பழ வாடைதான் வருது" என்றாள்.